பதினேழாம் நம்பரின் ஓவர்டைம்

தூர்வாரும் மிதவை கவிழ்ந்த நூற்றுப் பன்னிரண்டாம் நாள், நான் குடியிருந்த வீட்டுக்காரம்மாவுடைய மகளின் கல்லூரி உதவித்தொகையைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள். அவளுடைய அப்பாவின் சம்பளம் கூடியிருப்பதுதான் காரணம் என்றார்கள்.

மகள் இதை ஆய்வகத்துக்கு வந்து என்னிடம் சொன்னாள். நான் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டே சொல்கிறாள் என்று நினைத்து நிமிர்ந்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்பா ஓவர்டைம் பாக்குறாராம்க்கா,” என்றாள்.

நான் அவர்கள் வீட்டின் பின் அறையில் குடியிருந்தேன். அது தூர்வாரும் கம்பெனியின் வீடு. ஆறு கடலில் சேரும் இடத்தில் படியும் சேற்றை அள்ளி, கப்பல் வரும் வழியைத் திறந்து வைப்பது கம்பெனியின் வேலை. வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். முன்னால் ஓர் அறை, நடுவில் சமையலறை, பின்னால் ஓர் அறை. பின் அறையை வாடகைக்கு விடக்கூடாது. யார் கேட்டாலும் நான் வீட்டுக்காரம்மாவின் தங்கை மகள் என்று சொல்ல வேண்டும். கல்லூரியில் நான் வேதியியல் ஆய்வக உதவியாளர்தான். ஆனால் வீட்டுக்காரம்மா என்னை ‘டீச்சர்’ என்றே கூப்பிடுவார். இரண்டு முறை திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் மிதவையில் வேலை பார்த்தவர். சேறு அள்ளும் இரும்பு வாளியை ஏற்றி இறக்கும் வடம் அவர் பொறுப்பு. மழைக்காலத்தின் முதல் வெள்ளத்தில், ஒரு நண்பகலில், வடம் அறுந்து மிதவை சாய்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள். அவர் ஏறவில்லை. படகுகள் நாலைந்து நாள் தேடிவிட்டுத் திரும்பின. மிதவையை நிமிர்த்தி மறுபடி வேலையைத் தொடங்கினார்கள். தினமும் நண்பகலில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவது வீட்டுக்காரம்மாதான். அன்றைக்கு அடுப்பு சரியாக எரியாமல் தாமதமாகிவிட்டது, தான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது என்று எல்லாரிடமும் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ‘இறந்துவிட்டார்’ என்ற சொல் அந்த வீட்டில் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. வேலைக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

மிதவை ஆட்களிடம் ஒரு நடைமுறை இருந்தது. ஆற்றில் விழுந்தவன் கிடைக்காவிட்டால், அவன் வீட்டிலிருந்து ஒருவர் துறைக்கு வந்து அவன் செத்துவிட்டான் என்று வாய்விட்டுச் சொல்லும்வரை வருகைப் பட்டியலிலிருந்து அவன் நம்பரை எடுக்க விடமாட்டார்கள். காலை ஆறு மணிக்கு டைம்கீப்பர் நம்பர் கூப்பிடும்போது அவனுக்காக யாராவது ஒருவர் “இருக்கேன்” என்று சொல்லிவிடுவார். அவன் பங்கு வேலையை மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். நம்பர் இருக்கும்வரை கம்பெனி வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியாது, அதற்காகத்தான். டைம்கீப்பருக்கும் இது தெரியும். பனிமூட்டத்தில் எனக்கு முகம் எங்கே தெரிகிறது, குரல் வந்தால் சரி என்பார். சம்பளத்தை மட்டும் அந்த ஆளின் கையில்தான் கொடுப்பார்கள். அதனால் வீட்டுக்காரரின் நம்பரான பதினேழின் சம்பளம் மாதாமாதம் ஏறிக்கொண்டே இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. வெள்ளம் வடிந்து சேறு குவிந்த பிறகு இரண்டு மாதம் எல்லாரும் கூடுதல் நேரம் வேலை பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

வீட்டுக்காரம்மாவுக்குத் தார்ப்பாய் தைக்கும் கூடத்தில் வேலை. தடித்த ஊசியைத் தள்ளித் தள்ளி அவர் கட்டைவிரல் நகம் பிளந்திருந்தது. வீடு அந்தக் கூலியில்தான் நடந்தது. கல்லூரிக்கு உதவித்தொகை.

மறுநாள் அவர் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்தார். உதவித்தொகைப் பிரிவு கல்லூரியின் பழைய கட்டடத்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்தது. வழி தெரியாது என்று என்னையும் கூட்டிக்கொண்டார்கள். மகளுக்கு வழி தெரியும்.

“அந்த நாற்காலி ஆடும்மா, இதுல உட்காருங்க,” என்றார் அங்கிருந்த மேடம். டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் திரையைப் பார்த்தபடியே பேசினார்.

“வருஷ ஆரம்பத்துல வீட்டு வருமானத்தைப் பாத்து இவ்வளவுன்னு ஒரு தொகை போடுவோம். முதல் பாதி உங்க கைக்கே வராது, நேரா ஃபீஸ்ல கழிஞ்சிடும். ரெண்டாவது பாதி, பிள்ளை ஒழுங்கா வகுப்புக்கு வருதான்னு பாத்துட்டு அப்புறம். நடுவுல வீட்டு வருமானம் ஏறினா தொகை இறங்கும், வருமானம் இறங்கினா தொகை ஏறும். தராசு மாதிரிதான். உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு மாசமா ஓவர்டைம்னு கம்பெனி சொல்லியிருக்கு. அதனால ரெண்டாவது பாதி நின்னுபோச்சு. முன்னாடி கழிச்சதுலயும் கொஞ்சம் திரும்ப எடுத்துட்டாங்க. அதான் ஃபீஸ் பாக்கின்னு காட்டுது.”

“எப்ப கட்டணும்?”

“அடுத்த வெள்ளிக்கிழமை. இல்லைன்னா ஹால் டிக்கெட் வராது. எக்ஸ்ரே படிப்புல இடம் கம்மிம்மா. கடைசி வருஷத்துல பேரை எடுத்துட்டாங்கன்னா மறுபடி சேர்க்க மாட்டாங்க.”

வீட்டுக்காரம்மா கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“ஓவர்டைம் பாக்குறாருதான். ஆனா காசு எங்க கைக்கு வரலைங்களே.”

“வரலைன்னா? குடிக்கிறாரா?”

“அந்தப் பழக்கமெல்லாம் கிடையாதுங்க.”

“வேற எங்கயாவது குடுக்குறாரா? தப்பா எடுத்துக்காதீங்க. இந்த இடத்துல உக்காந்து நான் கேக்காத கதை இல்ல.”

“அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லைங்க. வேலை விட்டா வீடு.”

மகள் தரையைப் பார்த்தாள்.

“அப்ப அவரையே ஒருநாள் கூட்டிட்டு வாங்க. நேர்ல சொல்லட்டும்.”

“லீவு கிடைக்காதுங்க.”

மேடம் திரையிலிருந்து திரும்பினார். முதலில் வீட்டுக்காரம்மாவையும், பிறகு மகளையும், கடைசியில் என்னையும் பார்த்தார். நான் ஆடுகிற நாற்காலியில் ஆடாமல் இருக்க முயன்றுகொண்டிருந்தேன்.

“சும்மா விதியைச் சொல்றேன்,” என்றார் மெதுவாக. “வீட்ல சம்பாதிக்கிறவர் தவறிப்போயிட்டா, அன்னைலேர்ந்து கணக்கைத் திருப்பிப் போடலாம். எடுத்ததும் திரும்ப வரும், முழுத் தொகையும் கிடைக்கும். அந்த ஆள் இப்ப எங்கள்ட்ட இல்லன்னு கம்பெனி ஒரு வார்த்தை சொன்னா போதும். நானே போன்ல கேட்டுக்குவேன்.”

“நல்லா இருக்கிற மனுஷனைப் பத்தி எதுக்குங்க இதெல்லாம்?” என்றார் வீட்டுக்காரம்மா. சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

மேடம் டீயை மேசைமேல் வைத்தார். அதற்குப் பிறகு அதை எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா சாப்பிட வந்தார். வீட்டுக்காரரின் தம்பி. அவரும் அதே மிதவையில்தான் வேலை. கையில் ஒரு பொட்டலம் மீன்.

“டீச்சர், உங்க ஆசிட்ல போட்டா இந்த மீன் வேகுமா?”

“முள்ளும் சேர்ந்து கரைஞ்சிடும்,” என்றேன்.

“அது நல்லதாச்சே. அண்ணி, இனிமே டீச்சரே சமைக்கட்டும்.”

வீட்டுக்காரம்மா மீனைப் பொரித்தார். ஐந்து தட்டு எடுத்தார். நாங்கள் நான்கு பேர். ஐந்தாவது தட்டில் சோறு போட்டு, பொரித்த மீனில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்து, இன்னொரு தட்டால் மூடினார். வழக்கம்தான். மறுநாள் காலை அதை வீட்டுக்காரம்மாவே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார்.

சித்தப்பா இரண்டாவது கவளம் எடுத்தபோது மகள் கேட்டாள்.

“சித்தப்பா, காலைல அப்பாவுக்காகக் குரல் குடுக்கிறது யாரு?”

“எதுக்கு? சம்பளத்துல பங்கு தரப்போறியா?”

“சும்மாதான். நீங்களா?”

“நானா? என் குரலைத்தான் தவளைக் குரல்னு டைம்கீப்பர் கிண்டல் பண்ணுவானே. நான் குடுத்தா உடனே தெரிஞ்சுரும். நம்ம மொட்டைதான்.”

“மொட்டை மாமாவைக் கேட்டேன். சமையல்காரர்னு சொன்னாரு.”

“சரி, சமையல்காரன்னே வச்சுக்கோ. யாரா இருந்தா என்ன?”

“அவரையும் கேட்டேன். உங்க சித்தப்பாதான்னாரு. அண்ணன் குரல் அப்படியே தம்பிக்கு இருக்குதுன்னாரு.”

சித்தப்பா மீனிலிருந்து முள்ளை உருவிக்கொண்டிருந்தார். உருவிய முள் விரலிலேயே நின்றது.

“எனக்கு அண்ணன் குரல் கிடையாதே,” என்றார்.

சமையலறையில் எண்ணெய் அடங்கும் சத்தம் கேட்டது. எனக்கு இந்த மாதிரி நேரங்களில் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று தோன்றிவிடும். காலையில் தண்ணீரையொட்டிய காற்று குளிர்ந்திருக்கும், மேலே உள்ள காற்று அதைவிடச் சூடாக இருக்கும், அப்போது ஒலி மேலே போகாமல் வளைந்து கீழே இறங்கும், அக்கரையில் பேசுவதுகூடப் பக்கத்தில் பேசுவதுபோலக் கேட்கும் என்று சொன்னேன்.

“அப்படியா டீச்சர்,” என்றார் சித்தப்பா. “சரிதான். அக்கரையில இருக்கிறவனுக்கு எங்க நம்பர் எப்படித் தெரியும்?”

நான் தண்ணீர் டம்ளரை எடுத்தேன்.

“சோறு ஆறுது தம்பி,” என்றார் வீட்டுக்காரம்மா. “சாப்பிடுங்க.”

அவர் சாப்பிட்டார். கை கழுவி வந்ததும், வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, உள்ளே பார்க்காமல் சொன்னார்: “அண்ணி, ரெண்டுல ஒண்ணு நீங்கதான் முடிவு பண்ணணும். நம்பரை எடுத்தா ஒரு மாசத்துல வீட்டை விடணும். எடுக்கலைன்னா பிள்ளை படிப்பு போயிரும். நாங்க நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சோம். அது இப்படிப் போய் முட்டும்னு எவனுக்குத் தெரியும்?”

“உங்க அண்ணன் வரட்டும். கேட்டுச் சொல்றேன்,” என்றார் அவர்.

சித்தப்பா வாசல் கதவைச் சாத்தினார். பிறகு போய்விட்டார்.

சாயங்காலம் நான் துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். கொடியில் வீட்டுக்காரரின் துண்டு தொங்கியது. நீலக் கரை போட்டது. நான் பார்த்த நாளாக அது எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். வேலை விட்டு வந்தவர் குளித்துப் போட்டதுபோல இருக்கட்டும் என்று வீட்டுக்காரம்மாதான் தினமும் நனைத்துப் போடுகிறார் என்று நினைத்திருந்தேன். ஒருவரின் துக்கத்தைப் பற்றிக் கேட்பது நாகரிகமில்லை.

மகள் பின்னால் வந்து நின்றாள்.

“அக்கா, இதை நீங்களா நனைக்கிறீங்க?”

“உங்க அம்மா இல்லையா?”

“அம்மா நான்னு நினைச்சுட்டிருக்காங்க.”

நான் துண்டின் முனையைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. விரல்களைத் தேய்த்தபோது மெல்லிய வண்டல் ஒட்டியிருந்தது. வடிகட்டும் தாளில் கடைசியாகத் தங்குமே, அந்த அளவு மெல்லியது. குழாய்த் தண்ணீரில் அது வராது. நான் அதை அவளிடம் சொல்லவில்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மகள் கல்லூரிக்குப் போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. புதன்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது முன் அறையில் அம்மாவைச் சுவரோடு நிறுத்திவைத்திருந்தாள். எக்ஸ்ரே செய்முறைத் தேர்வுக்கு அவள் எப்போதும் அப்படித்தான் பழகுவாள். இயந்திரம் இல்லை, படம் இல்லை. ஆளை நிறுத்தும் முறை மட்டும்தான்.

“நெஞ்சைச் சுவத்துல ஒட்டுங்க. தாடையை மேல தூக்குங்க. தோளை முன்னாடி தள்ளுங்கம்மா, இன்னும் கொஞ்சம். மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க.”

வீட்டுக்காரம்மா அசையவில்லை.

“விடலாம்மா.”

அவர் விடவில்லை.

“அம்மா, மூச்சு விடலாம்.”

“விட்டுட்டேனே,” என்றார். சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

மகள் தள்ளிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். “இது கடைசி. இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன். படிப்பை நிறுத்திடுறேன். தையல் கூடத்துல கேட்டுட்டேன். அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாங்க.”

வீட்டுக்காரம்மா திரும்பினார். “யாரைக் கேட்டு முடிவு பண்ணின?”

“அப்பாவைக் கேட்டேன்.”

நான் என் அறைக்குப் போயிருக்க வேண்டும். அதற்கு அவர்கள் இருவருக்கும் நடுவில் நடந்தாக வேண்டும். நின்றுவிட்டேன்.

“தினமும் வேலைக்குப் போற மனுஷன்தானே? அதான் இன்னைக்குக் காலைல துறைக்குப் போய்க் கேட்டேன். படிக்கவா, நிறுத்தவான்னு. நம்பர் கூப்பிட்டாங்க. ‘இருக்கேன்’னு மட்டும் சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல.”

அவள் குரல் கேலியாகத்தான் ஆரம்பித்தது. முடியும்போது அப்படி இல்லை.

வீட்டுக்காரம்மா அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

“கேட்டியா? உன் காதால கேட்டியா?”

“ம்.”

“எப்படி இருந்துச்சு?”

மகள் நாற்காலியிலிருந்து இறங்கி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ரொம்பக் களைச்சுப்போன மாதிரி இருந்துச்சும்மா.”

“இருக்காதா பின்ன?” என்றார் வீட்டுக்காரம்மா. “சாப்பாடு இல்லாம, ஒரு நாள் லீவு இல்லாம. ரெண்டு மாசம் ஓவர்டைம் வேற.”

பிளந்த நகத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். அந்த வெள்ளத்துக்குப் பிறகு அதை அவர் எடுத்து நான் பார்க்கவில்லை.

தேய்த்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

“டீச்சர், நீங்க வேற ரூம் பாத்துக்கணுமே. சங்கடமா இருக்கு சொல்றதுக்கு.”

“பரவாயில்லக்கா,” என்றேன்.

வியாழக்கிழமை காலை மூன்று பேரும் கிளம்பினோம். தூக்கு சூடாக இருந்தது. நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. பனி இறங்கி வீட்டு வரிசையின் கடைசி வீடு தெரியவில்லை. ஆறு எங்கே ஆரம்பிக்கிறது என்பது சேற்று வாசனையில்தான் தெரிந்தது.

துறையின் விளக்குக்குக் கீழே இரண்டு வரிசையாக ஆட்கள் நின்றார்கள். ரப்பர் பூட்ஸ், தலையில் கட்டிய துணி, வாயிலிருந்து புகைபோல மூச்சு. எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது. சித்தப்பா வரிசையை விட்டு வந்தார்.

“நேத்தே எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிட்டேன் அண்ணி,” என்றார் தாழ்ந்த குரலில். “இன்னைக்கு அண்ணன் நம்பருக்கு ஒருத்தனும் வாயைத் திறக்கக் கூடாது. பிள்ளை மேல சத்தியம் வாங்கிட்டேன். யாரு பண்றாங்கன்னு இன்னைக்குத் தெரிஞ்சு போயிரும். யாரும் சொல்லலைன்னா நம்பர் தானா விழுந்துரும். நீங்க ஒண்ணுமே சொல்ல வேண்டாம்.”

வீட்டுக்காரம்மா தலையை ஆட்டினார். அவர் சித்தப்பாவைப் பார்க்கவில்லை. மிதவை நின்ற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டைம்கீப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். குரல்கள் ஒவ்வொன்றாக வந்தன. சளி பிடித்த குரல், கொட்டாவியோடு ஒரு குரல், தவளைக் குரல். தவளைக் குரலுக்கு யாரும் சிரிக்கவில்லை.

“பதினாறு.”

“இருக்கேன்.”

“பதினேழு.”

நான் வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் மூடியிருந்தன. மொட்டைத் தலைக்காரர் உதட்டைப் பல்லால் அழுத்தியிருந்தார். சமையல்காரர் கையால் வாயைப் பொத்தியிருந்தார். யார் வாயிலிருந்தும் மூச்சுப் புகைகூட வரவில்லை.

மிதவைக்கு அப்பால், பனிக்குள்ளிருந்து வந்தது.

“இருக்கேன்.”

உரக்க இல்லை. எதிரொலியும் இல்லை. வேலைக்கு நடுவே, குனிந்த தலையை நிமிர்த்தாமல் சொல்வதுபோல இருந்தது. வளைந்து வருகிற ஒலி, குளிர்ந்த காற்று என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். மகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அண்ணே,” என்று சித்தப்பா ஆரம்பித்தார். வரிசை கலைந்து பின்னால் நகர்ந்தது. டைம்கீப்பர் அடுத்த நம்பரைக் கூப்பிடவில்லை.

வீட்டுக்காரம்மா மட்டும் முன்னால் போனார். துறையின் விளிம்புவரை போய்த் தூக்கைக் கீழே வைத்தார். மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்தார். ஆவி எழுந்தது.

“ஏங்க,” என்றார். அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடும் குரல்தான்.

தண்ணீர் தூண்களில் மெதுவாக மோதியது.

“பொண்ணுக்குத் தர்ற பணத்தை நிறுத்திட்டாங்க. அப்பா சம்பாதிக்கிறாரேன்னு நிறுத்திட்டாங்க. நீங்க பாக்குற வேலை அவளுக்குக் குறுக்க வந்து நிக்குது. தெரியுமா உங்களுக்கு?”

“அம்மா, எங்கிட்டச் சொல்லுங்க, நான் எடுத்துர்றேன்,” என்றார் டைம்கீப்பர். வீட்டுக்காரம்மா திரும்பவில்லை.

“அன்னைக்கு நான் லேட்டா வரலைங்க. அடுப்பு நல்லாத்தான் எரிஞ்சுது. இதே இடத்துல, இதே தூக்கோட நின்னேன். உங்க கை வடத்துல இருந்துச்சு. என்னைப் பாத்தீங்க. அப்புறம் கை இல்ல. ஏறி வந்துருவீங்கன்னு சோறு ஆறுற வரைக்கும் நின்னேன். அப்புறம்தான் வீட்டுக்குப் போய், இப்பத்தான் வர்ற மாதிரி திரும்பி வந்தேன்.”

மகளின் பிடி இறுகியது. அவள் இதை முதல்முறையாகக் கேட்கிறாள். நாங்கள் எல்லாருமே முதல்முறையாகக் கேட்டோம்.

வீட்டுக்காரம்மா நீளமாக மூச்சு விட்டார். அது வெளியே வந்து பனியோடு சேர்ந்தது.

“வேலை பாத்தது போதும். நீங்க செத்துட்டீங்க,” என்றார். “நான் பாத்தேன்.”